செலின் கை வைக்காத மடிக்கணினி

செய்தி வாட்ஸ்ஆப்பில் வந்தது. எனக்குப் பார்வை இல்லை; கைப்பேசிதான் படித்துச் சொல்லும். "நம் பிரெஞ்சுத் துறை செலின் மேடம் இன்று காலை மருத்துவமனையில் காலமானார்" என்று கல்லூரிக் குழுவில் வந்ததைப் படித்தது. அதே குரலில், "கூப்பிய கைகள், கூப்பிய கைகள், அழும் முகம், கூப்பிய கைகள்" என்று அடுத்தடுத்து வந்த படங்களையும் படித்துக்கொண்டே போனது. அதை நிறுத்தக்கூடத் தோன்றாமல் புதுச்சேரி சாரம் பகுதியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றிருந்தேன்.

அவளை அறிந்த உங்களுக்கெல்லாம் அவளுடைய பெரிய தொண்டையும் தெரியும். என் பார்வை மங்கி மங்கி ஒரேயடியாகப் போன ஆண்டில், நான் நுழைந்தாலே ஆசிரியர் அறை அமைதியாகிவிடும். பரிதாபத்தில்தான் பேச்சை நிறுத்தினார்கள். எனக்கோ ஆளில்லாத அறைக்குள் வந்தது போலிருக்கும். செலின் மட்டும் இரைந்து அறிவிப்பாள்: "வா தேவகி. ஜன்னல் ஓரமா கெமிஸ்ட்ரி சாரு, தூங்குறாரு. மேசை மேல வடை இருக்கு. உன் பங்குல ஒண்ணு நான் தின்னுட்டேன்."

அந்தப் பருவம் முடிந்ததும் வேலையை விட்டுவிடுகிறேன் என்று முதல்வரிடம் சொல்லியிருந்தேன். பாடக்குறிப்பா, மதிப்பெண் பதிவா, எதற்கெடுத்தாலும் அடுத்தவர் கண்ணை எதிர்பார்த்து அலுத்துப் போயிருந்தது. விஷயம் செலின் காதுக்கு எட்டியது.

"வேலைய உட்டுட்டு மாமியாரோட உக்காந்து சீரியல் கேக்கப் போறியா?" என்று கத்தினாள். "புதுசா ஒரு லேப்டாப் வாங்குடி. திரையில இருக்கறத அதுவே படிச்சுச் சொல்லும். உன் வேலைய நீயே பாத்துக்கலாம்."

விலை குறைவாகப் பார்த்து வாங்கினேன். அதில் தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யும் இல்லை, இயங்குதளமும் இல்லை. இரண்டையும் தனியே போட வேண்டும். "கண்ணு தெரிஞ்சவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க மேடம், போட்டுத் தரேன்" என்றார் கடைக்காரர். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். செலினுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "யாரும் வர வேணாம். நீயே போடு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் திருப்புளியும் இயங்குதளம் ஏற்றிய பென்டிரைவுமாக வீட்டுக்கு வந்தாள். நான் அடிமூடியைக் கழற்றியதும் என் விரலைப் பிடித்து உள்ளே ஒரு பள்ளத்தில் வைத்தாள். "இதுல கொஞ்சம் சாய்ச்சு சொருகு. அப்புறம் படுக்க வெச்சு திருகு." அத்தோடு சரி, கையை எடுத்துக்கொண்டாள். எஸ்.எஸ்.டி. சூயிங்கம் பட்டை அளவுதான். அதன் திருகாணி அரிசி மணியைவிடச் சிறியது, நழுவவிட்டேன். "மொன் தியே!" என்று கடவுளைக் கூப்பிட்டபடி அவள் கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேட, அது என் புடவை மடியில் கிடந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளுக்கு முட்டி வலி.

அதைத் திருகி மூடியை மாட்டியதும், பென்டிரைவைச் செருகி, படித்துக் காட்டும் குரலுக்கான விசைகளை அழுத்தினேன். ஒரு பெண் குரல் கணீரென்று வந்தது, பிரெஞ்சில். செலின் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பெண். அவள் வீட்டில் கணினி, தொலைக்காட்சி, சண்டை எல்லாமே பிரெஞ்சுதான். அந்தப் பழக்கத்தில் இயங்குதளத்தையும் பிரெஞ்சிலேயே இறக்கிக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கு வணக்கம் சொல்லும் 'போன்ழூர்' தாண்டி ஒன்றும் தெரியாது.

"மறுபடி எறக்கறதுக்குள்ள பொழுது போயிடும். அவ சொல்றத நான் சொல்றேன், நீ அமுக்கு" என்றாள்.

அப்படியே நடந்தது. "எந்த டிஸ்க்குல போடணும்னு கேக்குறா."

"ஒண்ணுதானே இருக்கு?"

"அதேதான். திமிரு புடிச்சவ, தெரிஞ்சிகிட்டே கேக்குறா."

அந்த இடத்தில் எனக்குப் பயம் வந்துவிட்டது. தப்பாக எதையாவது அழுத்தி, புது மடிக்கணினியைப் பாழாக்கிவிட்டால்? அதோடு வேலையும் போன மாதிரிதான். மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளினேன். "நீயே செஞ்சிடு செலின். எனக்குக் கை நடுங்குது."

அவள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்ட சத்தம் கேட்டது.

"நான் செஞ்சா இது என் லேப்டாப். நாளைக்கு நான் இல்லாதப்ப நின்னு போச்சுன்னா, திரும்பவும் போய் வேலைய விடுறேன்னு சொல்லிட்டு வருவே." குரல் தணிந்திருந்தது. அவள் அப்படித் தணிந்து பேசி நான் கேட்டதே இல்லை. "நடுங்கட்டும். நடுங்கிகிட்டே அமுக்கு."

அமுக்கினேன். மாலைக்குள் அந்தப் பாரிஸ்காரியைத் தமிழும் பேச வைத்துவிட்டோம். மறுநாள் முதல்வரிடம் போய், வேலையை விடவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. படம் தருகிறேன் என்றாள் அவள் மகள். படம் எனக்கு எதற்கு? செலின் எனக்கு விட்டுப்போனது என் வேலை. அடக்கம் முடிந்த மறுநாள், லீவு போட்டுக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். காலையில் இரண்டாமாண்டு மாணவர்களுக்கு வகுப்பு இருந்தது. அழுதுகொண்டேதான் போனேன், போய்ப் பாடம் நடத்தினேன்.