கதவில்லாத வழி

லிங்கராஜபுரத்தில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில், முதல் வீட்டு அம்மா அவர். நெட்டையான உருவம், தோளில் எப்போதும் ஒரு ஈரத்துண்டு. எது சமைத்தாலும் ஒரு கிண்ணம் யார் வீட்டுக்காவது போய்விடும்.

வீட்டுச் சொந்தக்காரர்களான அண்ணனும் தம்பியும் சண்டையில் பாகம் பிரித்து, காம்பவுண்டின் நடுவே சுவர் எழுப்ப ஆள் வைத்தார்கள். அன்று பேச்சுவாக்கில் அந்த அம்மாவிடம் சொன்னேன்: காம்பவுண்டு என்பது ‘கம்போங்’ என்ற மலாய்ச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்ததாம். சேர்ந்திருக்கும் வீடுகள் என்று அர்த்தமாம். நாம்தான் சுற்றுச்சுவரையும் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டோம்.

அவர் உடனே எழுந்து அண்ணனிடம் போனார். பிறகு தம்பியிடம். இரண்டு இடத்திலும் ஒரே பேச்சுதான்.

"காம்பவுண்டுன்னா செவுரு இல்லயாம்ணா, ஒண்ணா இருக்கிற வீடுங்களாம். ஒரு ஆள் போறமாதிரி வழி விட்டுக் கட்டுங்க."

எப்படியோ இருவரும் ஒத்துக்கொண்டார்கள். மேஸ்திரி அந்த வழிக்குக் கதவு வைக்க அளவெடுத்தபோது அவர் தடுத்தார்.

"கதவு வேணாம் மேஸ்திரி. இருந்தா என்னிக்காச்சும் யாராச்சும் சாத்துவாங்க."

பிறகு நாங்கள் அல்சூருக்கு மாறிவிட்டோம். போன வாரம் அவரைப் பார்க்கப் போனேன். அண்ணன் தம்பிக்குள் இன்னும் பேச்சில்லை. கிண்ணம் மட்டும் அந்த வழியாகப் போய் வருகிறது.