பிழை எண்ணைச் சொல்லி அழைக்கவும்

1998 தைப்பூசம் முடிந்த வாரம், கடல் தாண்டி வந்து ஜார்ஜ் டவுனில் வேலைக்குச் சேர்ந்தேன். இங்கே என்னை முதலில் திகைக்க வைத்தது, யாரும் குறை சொல்லாததுதான். மதுரை அலுவலகத்தில் கணினி சற்று நின்றாலே நாலு பேர் என் நாற்காலியைச் சூழ்ந்துகொள்வார்கள். இங்கோ, மாக் மண்டின் பேட்டையிலுள்ள தொழிற்சாலைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த இணையச் செயலி பாதி நாள் முடங்கினாலும் "ஓகே லா" என்றே தகவல் வரும்.

காரணம் பிறகு புரிந்தது. சரக்கு இல்லாவிட்டாலும், கடவுச்சொல் தவறினாலும், தரவுத்தளம் படுத்துவிட்டாலும், செயலிக்கு அடித்தளமான எங்கள் ஃபிரேம்வொர்க் திரையில் காட்டியது ஒரே எண்: 500. அதை வைத்து யார் என்ன சொல்ல முடியும்? ஒவ்வொரு தவறுக்கும் எக்செப்ஷன் என்னும் தனிப் பிழைக்குறிப்பு எழுதி, தனி எண் கொடுத்தேன். அடியில் "இந்த எண்ணைச் சொல்லி அழைக்கவும்" என்று என் மேசைத் தொலைபேசி எண்ணையும் சேர்த்தேன்.

அழைத்தவர் ஒருவர்தான். தொழிற்சாலையில் ஆர்டர் பதியும் மல்லிகா அக்கா, பாகான் டாலாம் ஊர்க்காரர்.

"தம்பி, நேத்து 305. இன்னிக்கு 312. பசார்ல மீன் வெல மாதிரி ஏறுதுலா."

"இப்ப சரி பண்ணிடறேன்க்கா."

"பண்ணுங்க, பண்ணுங்க. சாப்டாச்சா?"

அலுவலகத்தில் வேறு தமிழர் இல்லை. நான் தங்கியிருந்த டத்தோ கிராமாட்டில் என் அறைத்தோழர் வங்காளி; அவருக்கு இரவு வேலை. சில நாள்களில் நான் கேட்ட தமிழ் இவ்வளவுதான்.

தீபாவளிக்குள் பிழைகள் ஓய்ந்தால்தான் என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பேன் என்றார் முதலாளி. ஊரில் பாதி கட்டிய எங்கள் வீடு கூரையில்லாமல் நின்றது. ஒவ்வொரு எக்செப்ஷனும் எங்கே கிளம்புகிறது என்று தேடி அடைத்தேன். ஓர் எண் மறைய, ஓர் அழைப்பும் மறைந்தது. புரட்டாசியில் வாரம் ஒன்று வந்தது. ஐப்பசியில் அதுவும் நின்றது.

"போன் அடிப்பதே இல்லை, குட் லா" என்று ஆங்கிலத்தில் சொல்லி, வேலை அனுமதிக்கு இரண்டாண்டு நீட்டிப்பு முத்திரையிட்ட என் கடவுச்சீட்டை முதலாளி தந்தார்.

அன்று மதியம் நானே மாக் மண்டினுக்கு, அக்காவை அழைத்தேன்.

"என்னா தம்பி, இங்க ஒரு எரரும் வரலியே?"

"இல்லக்கா, சும்மாதான்."



"ஓ, வேல முடிஞ்சு ஊருக்குப் போறீங்களா? சொல்லிக்கக் கூப்டீங்களாக்கும். நல்லதுலா தம்பி. அம்மா காத்துகிட்டு இருப்பாங்க."

கடவுச்சீட்டு, புது முத்திரைப் பக்கம் மேலே தெரிய, மேசையில் விரிந்து கிடந்தது. அதைப் பார்த்தபடி, அவரைத் திருத்தாமல், "போயிட்டு வரேன்க்கா" என்றேன்.