மீண்டவர்கள் வரும் கரை

முத்துப்பேட்டையில் தஹ்மீனாவை டியூஷன் டீச்சராகத்தான் எல்லோருக்கும் தெரியும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுப்பாள். வாரம் முழுக்க அலைநீளமும் மின்னோட்டமும்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தஞ்சாவூர் ஜில்லாவைக் கடலில் மூழ்கடிப்பாள்.

அதற்கு வழிகாட்டியவன் அவளுடைய சின்னம்மா மகன் அப்சர். சென்னையில் சாப்ட்வேர் வேலை. ஒரு பெருநாள் விடுமுறைக்கு வந்தபோது தடித்த புத்தகம் ஒன்றும், பல முகங்கள் கொண்ட பகடைகளும் கொண்டுவந்தான். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நின்று, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். வீட்டிலிருந்தவர்கள் கொஞ்ச நேரம் ஆடிவிட்டுச் சாப்பிட எழுந்துபோனார்கள். தஹ்மீனா எழுந்திருக்கவில்லை. ஆனால் புத்தகத்திலிருந்த பனிமலையும் கோட்டையும் அவளுக்கு ஒட்டவில்லை. அப்சர் ஊருக்குத் திரும்பியதும் தனக்கான உலகத்தைத் தானே கட்ட ஆரம்பித்தாள்.

அந்த உலகத்தில் கடல் ஒரத்தநாடுவரை ஏறியிருந்தது. காவிரி கடலிலிருந்து மேற்கே ஓடியது. மூழ்கிய கப்பல்களின் எண்ணெயைக் குடித்து அலையாத்தி மரங்கள் இரும்பு வேர் விட்டிருந்தன. கோடியக்கரை உப்பளங்களில் ஒவ்வொரு பருவத்திலும் உலோகப் பறவைகள் வந்திறங்கி, செத்தவர்களின் குரலில் பேசின. நெல் இருட்டில் ஒளிர்ந்தது. அதைத் தின்றவர்களுக்கு அடுத்தவர் கனவு வந்தது.

ஆட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி தஹ்மீனாவின் கணவனுடைய தங்கை சபிஹா. அவள் புருஷன் கத்தாரில் டிரைவர். இன்னொருத்தி அடுத்த தெரு மலர்க்கொடி. ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரி ஆய்வகத்தில் வேலை, வார இறுதியில் வீட்டுக்கு வருவாள். மலர்க்கொடி ஆட்டத்தில் விஷ வைத்தியச்சி. சபிஹா கரைக் காவல்காரி, கையில் ஈட்டித் துப்பாக்கி.

அவர்கள் மூவரையும் உண்மையிலேயே நடுங்கவைத்தது மீண்டவர்கள்தான். கடலுக்கு அப்பாலிருந்து கப்பலில் வருவார்கள். போன மனிதரின் முகம், குரல், அத்தர் வாசனை, கையில் பை எல்லாம் சரியாக இருக்கும். உள்ளே இருப்பது மட்டும் வேறு. வீட்டுக்குள் விட்டால் அந்த வீட்டார் கொஞ்சம் கொஞ்சமாக ஒருவரையொருவர் மறந்துபோவார்கள். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தஹ்மீனா தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

சென்ற வருடம் தஹ்மீனாவின் கணவன் யூனுஸ் சவூதியின் தம்மாமிலிருந்து ஒரேயடியாகத் திரும்பிவந்தான். அங்கே ஏசி மெக்கானிக். கல்யாணமான காலத்திலிருந்து விடுமுறைக்கு வந்து போனவன்தான். இப்போது போவதற்கு நாள் குறிக்காமல் இருந்தான். விளக்கைப் போட விசிறி சுவிட்சைத் தட்டினான். மகள் ஷமீராவிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் பரீட்சை மார்க் கேட்டான். வீடியோவில் மணிக்கணக்கில் பேசிய பிள்ளை, நேரில் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு அறைக்குப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தேநீர்த் தட்டோடு மாடிப்படி ஏறும்போது, கதவுக்குப் பின்னால் தஹ்மீனா மீண்டவன் ஒருவனை வர்ணித்துக்கொண்டிருந்தாள். யூனுஸ் படியிலேயே நின்று கேட்டான். பிறகு தட்டை வாசலில் வைத்துவிட்டு இறங்கிவிட்டான்.

நாலைந்து நாள் போனது. பிறகு மீன் ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் வந்து கேட்டான்.

"அந்த மீண்டவன் நாந்தானா?"

பொய் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

"ஒங்கள நெனச்சு உண்டாக்கலங்க. ஆனா நெனக்காமயும் உண்டாக்கல."

அவன் தலையை ஆட்டினான். அந்த ஞாயிறு தானும் ஆடுவதாகச் சொன்னான். என்ன பாத்திரம் என்று கேட்டதற்கு, மீண்டவன் என்றான்.

சபிஹாவுக்கு அது பிடிக்கவில்லை. மலர்க்கொடிதான், ஆடட்டுமே, மீண்டவனுக்குள் என்ன இருக்கிறதென்று ஒருநாளாவது தெரியட்டும் என்றாள். தஹ்மீனா மழையைச் சொன்னாள், கப்பலைச் சொன்னாள், கரையோர வீட்டின் கதவைச் சொன்னாள். யூனுஸின் முறை வந்தது.

ஆரம்பத்தில் திக்கினான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். தான் மீண்டவன் என்பது தனக்கே தெரியும் என்றான். எது அசல், எது கப்பலில் ஒட்டிக்கொண்டது என்று மட்டும் பிரிக்கத் தெரியவில்லை என்றான்.

"இந்த வீடு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா ஞாபகத்துல இருக்கற வீட்ல மாடி கெடையாது. நான் அனுப்புன காசுலதான் கட்டுனாங்க. யாரு எந்த ரூம்ல படுக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது. கதவத் தட்டுறேன்."

வாசலில் நின்றது சபிஹாவின் பாத்திரம், முடிவு அவளுடையது.

"சுடறேன்," என்றாள்.

மலர்க்கொடி அவளைத் திரும்பிப் பார்த்தாள். சபிஹா பகடையை உருட்டினாள். ஈட்டி நெஞ்சில் பாய்வதற்குப் போதுமான எண் விழுந்தது. தஹ்மீனா நினைத்திருந்தால் குறி தப்பியது என்று சொல்லியிருக்கலாம், உலகம் அவளுடையது. ஆனால் விழுந்த பகடையை அவள் ஒருபோதும் மாற்றியதில்லை. மீண்டவன் வாசற்படியில் சரிந்ததைச் சொன்னாள்.

யூனுஸ் சிரிக்கப் பார்த்தான். சபிஹா அதற்குள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"ஒன்னயச் சுடலண்ணே. அவரு எப்ப வந்தாலும் தொறக்கணும், எப்ப வந்தாலும் தொறக்கணும்னு கதவுகிட்டயே நிக்கறேன்ல. அது அலுத்துப் போச்சு."

அவள் புருஷன் ஷேக் பரீத் போய் மூன்று பெருநாள் கடந்திருந்தது. யூனுஸ் எழுந்து தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தான். அன்று ஆட்டம் அதோடு நின்றது.

ஷேக் பரீத் இன்னும் வரவில்லை. ஒப்பந்தத்தை மறுபடியும் நீட்டிக்கொண்டான். சபிஹா அவனிடம் சண்டை போடவில்லை, கேட்கவும் இல்லை. ஒரு நர்சரிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கணவன் போன் செய்தால், வகுப்பில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்கிறாள். யூனுஸ் பட்டுக்கோட்டை சாலையில் சின்னதாக ஏசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைப் பூட்டிவிட்டு வருகிறான். இப்போது அவன் படகுக்காரன்; நன்றாகவே ஆடுகிறான்.

தஹ்மீனாவின் உலகத்தில் ஒரு பக்கம் மட்டும் வெகுநாளாக வெறுமையாக இருந்தது: மீண்டவர்கள் புறப்பட்டு வரும் இடம். அதை என்னவென்று சொல்வது என்று அவளுக்குத் தெரிந்ததில்லை. ஒருநாள் சாப்பிட்டு முடித்ததும் யூனுஸிடம், அங்கே படுக்கிற இடம் எப்படி இருக்கும் என்று கேட்டாள். இத்தனை வருடம் போனில் சாப்பாட்டையும் உடம்பையும் விசாரித்தவள் இதைக் கேட்டதில்லை.

அவன் கை கழுவாமலே யோசித்தான். அடுக்குக் கட்டில் என்றான். தன்னுடையது மேல்தட்டு. நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். படுக்கையைச் சுற்றித் துணி கட்டிக்கொள்வார்கள், அதற்குள் அவரவர் வீடு. ஒருத்தன் உள்ளே விளக்குப் போட்டால் துணியின் பூ மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

"ஒங்க துணி என்ன கலரு?" என்று கேட்டாள்.

"பச்ச. ஒரு பாகிஸ்தான்காரன் விட்டுட்டுப் போனது," என்று யூனுஸ் சொல்ல ஆரம்பித்தான்.