இரண்டு தடவை நகர்ந்த தாமிரம்

சிதம்பரத்தில் ஒரு வேதியியல் துறையில், ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டோடு ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் இருக்கிறது. எக்ஸ்ரே பாய்ச்சி எடுத்த வரைபடத்தில் எந்த மேடு எந்தத் தனிமத்தினுடையது என்று பிரித்துக் காட்டும் பழைய மென்பொருள் அதில்தான் ஓடும். புதுக் கம்ப்யூட்டரில் போட்டால் முரண்டு பிடிக்கும். அதோடு மல்லுக்கட்ட ஆய்வு மாணவி எழிலரசியை விட்டால் ஆளில்லை. குமராட்சியிலிருந்து மினிபஸ்ஸில் நசுங்கி வந்ததும் அதைத்தான் முதலில் எழுப்புவாள்.

போன மாதம், சாயப்பட்டறைத் தண்ணீரைத் தெளிய வைக்க அவள் தயாரித்த பொடியில், தாமிரத்தின் மேடு எந்தப் புத்தகத்திலும் இல்லாத இடத்தில் நின்றது. வழிகாட்டி சந்திரலேகா மேடத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. தாமிரத்தில் புது நிலை என்று பேராசிரியர்களுக்கெல்லாம் போன் போட்டார். துறைக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். நாளை மறுநாள் ஆய்வுக்குழு முன்னால் எழிலரசி அதைப் பேச வேண்டும். தேறினால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும்.

படத்துக்கு நிறம் மாற்றலாம் என்று உட்கார்ந்தவள் கண்ணில் கார்பன் மேடு பட்டது. எல்லாப் பொருளின் மேலும் கொஞ்சம் கார்பன் அழுக்கு ஒட்டியிருக்கும், அதுதான் மைல்கல். அது சரியான இடத்தில் நிற்கும்படி முழுப் படத்தையும் ஒரே ஒரு தடவை நகர்த்துவார்கள். இப்போது அந்த மைல்கல்லே தள்ளி நின்றது. அட கிரகச்சாரமே! கோப்பைத் திறக்கும்போதெல்லாம், ஏற்கெனவே நகர்த்திய படமாக இருந்தாலும், நகர்த்தட்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும். அதை அங்கே யார் படித்தார்கள்? பெட்டி வந்தால் என்டர் தட்டுவது அந்தத் துறையின் குலவழக்கம். முதலிலிருந்து செய்து பார்த்தாள். தாமிரம் பாவம், ஊர் உலகத்துத் தாமிரம் போலத்தான் இருந்தது.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஜிலேபி தின்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? ஆனாலும் குழு முன்னால் நின்று பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழும்பாது. நேராக மேடத்தின் அறைக்குப் போனாள்.

"மேடம், நம்ம தாமிரம் புதுசு இல்ல. நாந்தான் ரெண்டு தடவ நவுத்திட்டேன்."

மேடத்தின் முகம் செத்துவிட்டது. எழுந்து அவளோடு வந்து கிழட்டுக் கம்ப்யூட்டரின் திரையைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"பொடி சாயத்தண்ணிய தெளிய வைக்குதுல்ல? அது பொய்யில்லையே. அதப் பேசு, போதும்."

அங்கேயே நின்று போனை எடுத்தார். எழிலரசி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சார், புது நிலைன்னு சொன்னேன்ல, அது எங்க தப்பு. அந்தத் தப்பக் கண்டுபுடிச்சது யாருன்னு கேளுங்க. நம்ம எழிலரசிதான்."

கொஞ்சமும் பெருமை குறையாமல் அடுத்த நம்பரைப் போட்டார்.