நான் திருத்தி எழுதிய சாவுச் சேதி

என்னைப் போல ஒரு மடையனை நீங்கள் பார்த்திருக்க முடியாது. பார்த்திருந்தால் அவனும் ஏதாவது அலுவலகத்தில் வரைவு எழுதிக் கொடுக்கிறவனாகத்தான் இருப்பான். தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குச் செங்கல்பட்டில் எழுத்தர் வேலை, மாமல்லபுரத்தில் வாடகைக்கு ஓர் அறை. ஒற்று மிகுமா மிகாதா என்று கேட்க மேலதிகாரியே என் மேசைக்கு வருவார். அந்தப் பெருமையில் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் நெஞ்சு விம்மிக்கொண்டிருந்த காலம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரரின் மனைவி இறந்துபோனார். வெகுநாள் நோய். அன்றைக்கே பொழுது சாய்வதற்குள் அடக்கம் என்று முடிவானது. அந்த அம்மாவுக்கு ஒரே அண்ணன், முட்டுக்காட்டில் மீன் பிடிக்கிறவர். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை அவர்தான் கொண்டுவந்து தங்கைமேல் போர்த்த வேண்டும். அவரிடம் போன் கிடையாது.

"பத்தரை பஸ்ஸு கண்டக்டரு நம்ம ஆளு. முட்டுக்காட்டு டீக்கடையில குடுத்துருவான். ரெண்டு வரி எழுதிக் குடு சார்" என்றார் வீட்டுக்காரர்.

இரண்டு வரி. அதுவும் என்னிடம். 'உங்கள் தங்கை இறந்துவிட்டாள்' என்று எழுதினேன். செத்தவரை 'ள்' போட்டா சொல்வது? அடித்துவிட்டு 'இறந்துவிட்டார்' என்றேன். அண்ணனுக்கு எழுதும்போது தங்கைக்கு மரியாதை விகுதி பொருந்துமா? 'காலமானார்' என்றால் பத்திரிகை வாடை. 'இயற்கை எய்தினார்' என்றால் மேடை வாடை. நாலாவது தாளைக் கிழித்தேன்.

பந்தல் போட வந்தவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், பரீட்சையா எழுதிகினு கீற? பஸ்ஸு பூடும்!"

"ஒரு நிமிஷம்ணா. வாக்கியம் இன்னும் உக்காரல."

வாக்கியம் உட்கார்ந்ததும் ஓடினேன். நிறுத்தத்தில் புகைதான் இருந்தது.

அடுத்த பஸ் பன்னிரண்டே முக்காலுக்கு. அதில் நானே ஏறிப் போயிருக்கலாம். தோன்றவில்லை. தாளை மடித்துக் கண்டக்டரிடம் கொடுத்து, எழுத்து புரிகிறதா என்று வேறு கேட்டேன்.

பன்னிரண்டு மணிவரை அண்ணன் அந்த டீக்கடையில்தான் இருந்திருக்கிறார். சேதி போய்ச் சேர்வதற்குள் வலையோடு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

மூன்று மணியிலிருந்து எல்லோரும் தெருமுனையையே பார்த்தார்கள். ஐந்தரைக்கு மேல் தாங்காது என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண் தன் பீரோவிலிருந்து ஒரு புடவை எடுத்துவந்து போர்த்தினாள். தூக்கிவிட்டார்கள்.

மண் தள்ளிவிட்டு நாங்கள் திரும்பும்போது அண்ணன் எதிரே ஓடிவந்தார். ஈரக் கைலி. கையில் ஜவுளிக்கடைப் பை.

"மூஞ்சியக்கூட காட்டாம பூட்டீங்களேடா!" என்று வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்தார். அப்புறம் விட்டுவிட்டு, சாலையோர மணலில் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டார்.

நான் பக்கத்தில் போனேன். "தப்பு என்னுதுண்ணா. கடுதாசில பிழை வரக் கூடாதுன்னு திருத்தித் திருத்தி எழுதினேன். அதுல மொத பஸ் போயிடுச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"டீக்கடக்காரன்தான் படிச்சி சொன்னான், எனக்கு எழுத்து தெரியாது."