லண்டன் இல்லை, லுசாக்கா

நான் லண்டனில் படிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மெல்பேர்ணில் ஒரு காலத்தில் பாதித் தமிழ்ச் சனம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. பாதிச் சனம் என்றால் பெரிய கூட்டமில்லை. எழுபதுகளின் கடைசி அது. இன்று எங்கள் ஆட்கள் வீடு வாங்கிக் குவிக்கும் ரோவில் பக்கம் அப்போது மாடுகள் மேய்ந்தன.

கதையைக் கட்டியவர் என் அண்ணா. எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கியதும், தங்கச்சி லண்டனில் பட்டம் எடுத்தவள் என்று ஊதிவிட்டார். நடந்தது வேறு. தமிழருக்குக் கூடின புள்ளி கேட்ட தரப்படுத்தல் வந்து யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் பல்கலைக்கழக இடங்களைப் பறித்தபோது என் புள்ளிகளும் போதாமல் போயின. சாம்பியாவில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த மாமா, "இங்கை அனுப்புங்கோ" என்றார். அந்த நாட்டுத் தலைநகர் லுசாக்காவில் நாலு வருடம் படித்தேன். அந்தப் பட்டத்தைக் காட்டித்தான் மெல்பேர்ணில் ஆசிரியை வேலை எடுத்தேன். வேலை தந்த வெள்ளைக்காரருக்கு அது போதும். எங்கள் சனத்துக்குத்தான் காணாதாம்.

லுசாக்கா விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் அந்த நாட்டுக்காரி, சட்டம் படித்தவள். முதல் சனிக்கிழமை சோளமாக் களி கிண்டி, பொரித்த குட்டி மீனோடு ஒரே கோப்பையில் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். எங்கள் ஊரில் கோப்பை என்றால் சாப்பாட்டுத் தட்டு. எனக்கு வேறு கோப்பை வேண்டும் என்றேன். என்னோடு கோபமா என்று கேட்டாள். அவள் வீட்டில் சண்டை பிடித்தவர்கள்தான் தனித்தனியாகச் சாப்பிடுவார்களாம். நானோ எச்சில், துடக்கு, தீட்டு என்று வளர்ந்தவள். யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்பதற்குக்கூட எங்கள் ஊரில் கணக்கு இருந்தது. சரி போகட்டும் என்று கையை வைத்தேன். களியின் சூட்டில் விரல் வெந்துபோனது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மலேரியாவில் நான் எழும்ப மாட்டாமல் கிடந்தபோது, வகுப்பையும் விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து தன் கையால் என் வாயில் கஞ்சி தீத்தினவள் அவள். குடித்ததை நான் சத்தி எடுக்க, அதை அள்ளினவளும் அவள்தான். லண்டன் என்று சொன்னால் இவளை நான் எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

ஒரு ஞாயிறு பின்னேரம், அண்ணா பேசிவந்த மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணி குசினியில் வடை சுட்டாள்.

"வாயைத் திறவாதை," என்றார் அண்ணா என் காதுக்குள். "ஆபிரிக்கா எண்டால் சனம் என்ன நினைக்கும்?"

"நினைக்கிறதை நினைக்கட்டும்," என்றேன்.

மாப்பிள்ளையின் தாய் ஒரு வடையை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "லண்டனிலை எந்தப் பக்கம் இருந்தனீர், பிள்ளை?"

அண்ணா என்னை முழுசிப் பார்த்தார்.

"லண்டனைக் கண்ணாலையும் காணேல்லை, அன்ரி. நான் லுசாக்காவிலை படிச்சனான். ஆபிரிக்கா."

அன்ரி வடையைத் திரும்ப வைத்தார். "அங்கை ஆரோடை இருந்தனீர்?"

"விடுதியிலை. ஒரு ஆபிரிக்கப் பெட்டையும் நானும் ஒரே அறை."

"அப்ப சாப்பாடு?"

"ஒரே கோப்பை."

"காப்பிலியளோடையோ?"

கறுப்பரைக் கேவலப்படுத்தும் அந்தச் சொல்லைக் கேட்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "ஓம். காய்ச்சலிலை சாகக் கிடந்த எனக்குத் தீத்தினவள் அவள். அந்தக் கை இல்லாட்டி, இண்டைக்கு நீங்கள் பாக்க வாறதுக்குப் பொம்பிளையே இருந்திருக்க மாட்டாள்."

தேத்தண்ணி ஆறுமுன்னமே அவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள்.

"இனி ஆர் உன்னைக் கட்டுவான்?" என்றார் அண்ணா.

"லுசாக்கா எண்டு கேட்டும் கதிரையை விட்டு எழும்பாதவன்."

அவர் அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினார். வடை குவிந்து கிடந்தது. நான் கோப்பையை இழுத்து வைத்துச் சாப்பிடத் தொடங்கினேன்.

அண்ணி குசினிக்குள்ளிருந்து வந்தாள். புருஷன் சாப்பிடாமல் பச்சைத் தண்ணீரும் வாயில் வைக்காத மனுசி அவள். கதிரையை இழுத்து என் முன்னால் இருந்தாள். நான் கடித்து வைத்திருந்த வடையின் மற்றப் பாதியை என் கோப்பையிலிருந்து எடுத்து வாயில் போட்டாள்.

"உம்மடை அந்தச் சிநேகிதியின்ரை பேர் என்ன?" என்று கேட்டாள்.

சொன்னேன். அந்த வீட்டில் அதை முதன்முதல் கேட்டது அவள்தான்.