எச்சிலுக்கு பிரெஞ்சில் என்ன சொல்வது?

ஓசூர் கம்பெனி என் வீட்டுக்காரரை பிரான்சில் இருக்கும் தொழிற்சாலைக்கு அனுப்பியது. கூடவே நானும் போனேன். ஓசூர் பக்கம் எங்கள் மத்திகிரியில் வாசலுக்கு வந்தால் தெலுங்கிலோ கன்னடத்திலோ வம்பளக்க யாராவது கிடைப்பார்கள். மூன்று பாஷையிலும் வாயாடியவள் நான். அங்கே போனதும் வாயைத் தைத்துப் போட்டாற்போல் ஆகிவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று நானே பேசிக்கொள்வதைப் பார்த்து அவருக்கே பயம் வந்துவிட்டது.

"செவுத்தப் பாத்துனே எத்தினி நாளு உக்காந்திருப்ப? எதுனா கிளாசுக்குப் போ. நாலு பேரு பழக்கமாவும்" என்றார்.

அப்படித்தான் பிரெஞ்சு சமையல் வகுப்பில் சேர்ந்தேன். சமையல் ஒரு சாக்கு. பேச ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அடுப்புக்கு இரண்டு பேர். எனக்கு வாய்த்தவள் அந்த ஊர்க்காரி, என் வயதுதான் இருக்கும். என்ன ராசியோ, முதல் நாளே ஒட்டிக்கொண்டாள். அவள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவளுக்குப் புரியாது. ஆனாலும் பேசுவோம், சிரிப்போம். வகுப்பு முடிந்தால் என் பஸ் வரும்வரை கூடவே நிற்பாள். வாரம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருப்பேன்.

அன்று வெங்காய சூப். எங்கள் வீட்டில் உப்புப் பார்ப்பதென்றால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொள்வது. கரண்டி வாய்க்குப் போனால் எச்சில். அவளோ ஸ்பூனில் அள்ளி, பாதியைக் குடித்துவிட்டு, மீதியை என் வாய்க்கு நேரே நீட்டினாள். ஆசையாகத்தான் நீட்டினாள். என் கழுத்து தானாகப் பின்னால் போய்விட்டது. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

வயிறு சரியில்லை என்று சைகை காட்டித் தப்பித்திருக்கலாம். என் போதாத காலம், உள்ளதைச் சொல்லப் போனேன். தெலுங்குக்காரியிடம் 'எங்கிலி' என்றால் போதும், கன்னடக்காரியிடம் 'எஞ்சலு' என்றால் போதும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், வேறு ஸ்பூன் எடுத்து வருவார்கள். இவளிடம் என்ன சொல்ல? போனில் மொழிபெயர்க்கும் ஆப்பைத் திறந்து, 'தப்பாக நினைக்காதே, உன் எச்சில் என்பதால் சாப்பிடவில்லை' என்று தட்டிக் காட்டினேன். படித்தாள். மறுபடியும் படித்தாள். காது மடல் வரை சிவந்துபோனது. அன்று பஸ் நிறுத்தத்துக்கு அவள் வரவில்லை.

வீட்டுக்கு வந்து போனை அவரிடம் காட்டினேன். கம்பெனியில் கொஞ்சம் பிரெஞ்சு பழகியிருந்தார்.

"அடிப்பாவி, இன்னா காரியம் பண்ணினு வந்திருக்க. 'உன் துப்பல் அதுல இருக்கு, அதான் சாப்பிடல'ன்னு வந்திருக்குது."

"எச்சில்னா அது இல்லீங்க. எங்கம்மா வாய் வெச்சாலும் எச்சில்தான?"

"எனக்குத் தெரியும். அவுங்களுக்கு யாரு சொல்றது? அவ்ளோ பிரெஞ்சு எனக்கும் வராது."

அழுகையாக வந்தது. மறுவாரம் ஒரு முடிவோடு போனேன். எச்சிலாவது மண்ணாவது, இந்த முறை நீட்டினால் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடுவது.

அவள் அதே அடுப்புக்குத்தான் வந்தாள். பையிலிருந்து ஒரு புது ஸ்பூனை எடுத்து, கழுவித் துடைத்து, என் பக்கம் வைத்தாள். சாஸ் கொதித்ததும் எனக்கென்று தனியாக ஒரு கிண்ணத்தில் முதலில் ஊற்றி வைத்துவிட்டு, பிறகுதான் தான் ருசி பார்த்தாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

உன் ஸ்பூனையே கொடு என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, நன்றி சொல்லும் ஒரே ஒரு வார்த்தைதான்.

"மெர்சி" என்றேன்.